பேகலும் கலோரிக் கணக்கும்
(பழைய மாணவர் ஒருவர்)

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து அனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எதனைப் பற்றி எழுதுவதென யான் சின்னாள் மயங்கினேன். இலக்கியம் வல்லார் இலக்கியம் எழுதுவர். சமயம் வல்லார் சமயம் எழுதுவர். யானோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில் வாழ்பவன். அவற்றுள் பத்து ஆண்டுகளை ஒரு பேக்கரியின் போறணை முன்னே இரவு வேலையிற் கழித்தவன். அறிந்ததனை எழுதுதலே முறையாதலின், அங்கு யான் நாள்தோறும் கையாண்டதும், நாள்தோறும் உண்டதும், ஒருநாள் என்னை அச்சுறுத்தியதுமான பேகல் என்னும் வட்டப் பாணைப் பற்றியும், அதனை உண்பார் அறியவேண்டிய கலோரிக் கணக்கைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வேலை முடியும் காலை ஆறு மணிக்கு, வடிவு கெட்டு விற்பனைக்கு ஆகாத பேகல்களைத் தொழிலாளர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்பேக்கரியின் வழக்கம். சூடு ஆறாத பேகல் ஒன்றை இரண்டாகப் பிளந்து, கிறீம் சீஸ் தாராளமாகப் பூசி, சீனி இரண்டு கரண்டி இட்ட தேநீருடன் உண்பேன். வீட்டுக்குச் சென்றதும் மனைவியார் வைத்திருக்கும் இடியப்பத்தையும் சொதியையும் வழக்கம்போல் உண்டு உறங்குவேன். பேகலை யான் உணவாகவே எண்ணவில்லை; அது தேநீருக்குத் துணை என்பதே என் எண்ணம். இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு எடையும் இல்லை எனக் கருதிவிட்டேன் போலும்.

இவ்வாறு சில ஆண்டுகள் சென்றபின், குருதிச் சோதனை ஒன்றின் பெறுபேற்றைக் காட்டி, மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு 6.3 வீதம் என மருத்துவர் கூறினார். அந்நாட்டு வழக்கில் 6.5 வீதமாயின் அது நீரிழிவு, 6.0 முதல் 6.4 வரை அதன் வாயிற்படி. நம்மவர் சலரோகம் என்னும் அந்நோயினால் என் தந்தையார் ஒரு பாதத்தை இழந்து, இறுதி நான்கு ஆண்டுகளை ஊரில் எமது வீட்டு விறாந்தையிலேயே கழித்தவர். அக்காட்சி என் கண்முன்னே வந்து நின்றது. "காலையில் என்ன உண்கிறீர்கள், ஐயா?" என மருத்துவர் வினவினார். "ஒரு சிறு பேகல்" என்றேன். "சிறிதா? நிறுத்துப் பார்த்தீர்களா?" என்றார் அவர். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பேகலின் வரலாறு

பேகல் கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூத மக்களின் உணவு. போலந்து நாட்டின் கிராக்கோ நகர யூத சமூகத்தார் 1610ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில் இதன் பெயர் காணப்படுகிறது. 1683இல் வியன்னா நகரைத் துருக்கரின் முற்றுகையிலிருந்து காத்த போலந்து மன்னன் யான் சோபியெஸ்கியைச் சிறப்பிக்க, அவனது குதிரையின் அங்கவடி வடிவில் ஒருவர் இதனை ஆக்கினார் என்றொரு கதையும் வழங்குகிறது. கதை இனியதே, ஆயினும் அம்முற்றுகைக்கு எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே பேகல் ஏட்டில் ஏறிவிட்டமையால் அது பொருந்தாது என்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வறுமையாலும் கொடுமையாலும் நாடு பெயர்ந்த யூத மக்கள், இதனை நியூ யோர்க் நகருக்கும் கனடாவின் மொன்றியல் நகருக்கும் கொண்டுசென்றனர். மொன்றியலில் பெயர்பெற்ற ஃபெயர்மவுண்ட் பேகல் கடையின் தொடக்கம் 1919ஆம் ஆண்டு. சென் வியற்றர் பேகல் கடையின் தொடக்கம் 1957ஆம் ஆண்டு. பின்னதனைத் தொடங்கிய மையர் லெவ்கோவிற்ஸ் என்பார், நாசிகளின் பூக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். ஊரையும் உறவையும் இழந்த ஒருவர், தம் மக்களின் பாணைச் சுடும் கைத்தொழிலை இழவாது புதிய நாட்டில் நிலைபெற்றார் என்பதனை எண்ணுந்தோறும், புலம்பெயர்ந்த எமக்கும் நெஞ்சம் நெகிழும். ஆதலின் பேகலை இகழ்ந்து ஒதுக்குதல் என் நோக்கமன்று.

ஆக்கும் முறை

பாணுக்கும் பேகலுக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் ஒன்றே: கோதுமை மா, நீர், உப்பு, ஈஸ்ற் என்னும் மதுவம், சிறிது இனிப்பு. வேறுபாடு ஆக்கும் முறையில் உளது. பேகலுக்குப் புரதம் மிகுந்த மாவே வேண்டும். நீரைக் குறைத்து மாவை இறுகப் பிசைவர். பின் அதனைக் கயிறுபோல் உருட்டி, வளையமாக இணைத்து, குளிரான இடத்தில் நெடுநேரம் மெல்லப் புளிக்கவிடுவர். அதன்பின், போறணையில் இடுமுன்னர்க் கொதிநீரிற் சிறிது நேரம் அவிப்பர். இதுவே பேகலின் உயிர்நிலை.

கொதிநீர் பட்டவுடன் மேற்பரப்பிலுள்ள மாப்பொருள் வீங்கிப் பசையாகி ஒரு போர்வைபோல் மூடிக்கொள்கிறது. பின்னர் போறணையில் உள்ளிருக்கும் வளி விரிய முயன்றாலும் அப்போர்வை அதனை அதிகம் விரியவிடாது. ஆதலின் புறம் பளபளப்பாகவும் அகம் நெருக்கமாகவும் அமைகிறது. சாதாரண பாண் வளி நிறைந்து பொங்கியிருக்கும். பேகலோ அதே மாவைச் சிறிய இடத்தில் அடக்கி வைத்திருக்கும். கண்ணுக்குச் சிறியது, கைக்குக் கனத்தது என்னும் புதிரின் விடை இதுவே. மொன்றியலில் அவிக்கும் நீரில் தேன் கலப்பர். விறகுப் போறணையிற் சுடுவர். வளையம் மெல்லியதாயும் துளை பெரியதாயும் இருக்கும். நியூ யோர்க் பேகல் அதனினும் பருத்தது, துளை சிறுத்தது.

கலோரி என்பது யாது?

எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் கம்பளி சுற்றிய செம்புக் கலோரிமானியைக் கையாளாத விஞ்ஞான மாணவர் இலர். சூடாக்கிய உலோகத்தைக் குளிர்நீரில் இட்டுக் கலக்கி, வெப்பமானியை நோக்கி, இழந்த வெப்பம் பெற்ற வெப்பத்திற்குச் சமம் எனக் கணக்கிட்டோம். அக்கணக்கு ஒருநாள் என் உயிருக்கு உதவும் என்று அன்று யான் கனவிலும் கருதவில்லை.

உணவு நூலார் கலோரி என்பது பௌதிக நூலாரின் கிலோகலோரியேயாகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை சதம உயர்த்த வேண்டிய வெப்பம் அது. அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து வெசுலியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அற்வாற்றர் என்னும் பேராசிரியர், 1890களில், ஓர் ஆள் உள்ளே தங்கி வாழத்தக்க பெரிய கலோரிமானி ஒன்றை அமைத்து, உண்ட உணவையும் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். அவர்தம் ஆராய்ச்சியின் பயனாக, ஒரு கிராம் காபோவைதரேற்று 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும் என்னும் எளிய வாய்பாடு உலகுக்குக் கிடைத்தது. உணவுப் பெட்டிகளில் இன்றும் அச்சிடப்படும் எண்கள் பெரும்பாலும் இவ்வழி வந்தனவே.

இவ்வாய்பாட்டைப் பேகலுக்குப் பொருத்திப் பார்ப்பாம். 105 கிராம் எடையுள்ள நடுத்தரப் பேகலில் சுமார் 55 கிராம் காபோவைதரேற்று, 11 கிராம் புரதம், ஒன்றரைக் கிராம் கொழுப்பு உள. முதலாவது 220, இரண்டாவது 44, மூன்றாவது 13 அல்லது 14. ஆகச் சுமார் 280 கலோரி. கொழுப்பு மிகக் குறைவு என்பதனைக் கவனிக்க. "எண்ணெயில்லாத உணவு, ஆதலாற் கெடுதியில்லை" என நம்மவர் பலர் மயங்குவது இவ்விடத்தேதான். எண்ணெய் இல்லை என்பது மெய். கலோரி இல்லை என்பது பொய்.

ஊரில் உள்ளார்க்கு இதனை வேறோராற்றாற் கூறின் எளிதில் விளங்கும். நூறு கிராம் வெள்ளைப் பாணில் சுமார் 265 கலோரி உண்டு. ஆதலின் ஒரு நடுத்தரப் பேகல் ஏறத்தாழக் கால் றாத்தல் பாணுக்குச் சமம். "தேநீருடன் கால் றாத்தல் பாண் உண்டுவிட்டு, பின் வீட்டில் இடியப்பமும் உண்டேன்" என எவரேனும் கூறின் யாம் வியப்போம். "தேநீருடன் ஒரு பேகல் உண்டேன்" எனின் எவரும் வியவார். ஒன்று என்னும் எண் செய்யும் மாயம் இது. துளையும் தன் பங்குக்கு ஏமாற்றும். உழுந்து வடையின் துளையால் வடையின் எண்ணெய் குறையாதவாறுபோலப் பேகலின் துளையால் மாவும் குறைவதில்லை.

பேகல் பருத்த கதை

பேகல் எக்காலத்தும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. அது கையால் உருட்டப்பட்ட காலத்தில் சிறியதாயும் இறுகியதாயும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் தானியேல் தொம்சன் என்பார் பேகலை உருட்டும் பொறியொன்றைச் செப்பஞ் செய்தார். நியூ ஹேவன் நகரில் பேக்கரி நடத்திய லெண்டர் குடும்பத்தார் 1963இல் அப்பொறியைப் பெற்று, பேகலைப் பெருவாரியாக ஆக்கி, உறையவைத்து, நாடெங்கும் விற்றனர். யூதர் தெருக்களில் இருந்த உணவு எல்லாருடைய உணவும் ஆயிற்று. கடைகள் பெருகின, போட்டி பெருகிற்று, பேகலும் பருத்தது.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்களுக்கு ஓர் ஒப்பீட்டைக் காட்டியது. அதற்கு இருபது ஆண்டுகளின் முன் ஒரு பேகலின் விட்டம் 3 அங்குலம், கலோரி 140. பின்னர் விட்டம் 6 அங்குலம், கலோரி 350. இடைவெளி 210 கலோரி. அதனைச் செலவிட ஒருவர் சுமார் 50 நிமிடம் முற்றத்துச் சருகு வாரவேண்டும் எனவும் அந்நிறுவனம் எடுத்துக் காட்டியது. பெயர் மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, அளவோ இரண்டரை மடங்காயிற்று. தந்தை ஒன்று உண்டார், மகனும் ஒன்றே உண்கிறான்; ஆயினும் இருவரும் உண்டது ஒன்றன்று.

இந்த 350 கலோரி எத்துணை வெப்பம் என்பதனை மாணவர் தாமே கணிக்கலாம். 30 பாகையில் உள்ள ஐந்து லீற்றர் நீரைக் கொதிநிலையாகிய 100 பாகைக்கு உயர்த்த 5 × 70 = 350 கலோரி வேண்டும். ஒரு பெரிய பேகலுள் ஒரு பெரும்பானை நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அடங்கியிருக்கிறது.

எனது காலை உணவின் கணக்கு

மருத்துவரிடமிருந்து மீண்ட அன்றிரவே பேக்கரித் தராசில் யான் உண்ணும் பேகலை நிறுத்தேன். முள் 130 கிராமைக் கடந்து நின்றது. ஏறக்குறைய 350 கலோரி. அடுத்துக் கிறீம் சீஸ். ஓர் அவுன்சு, அஃதாவது இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 100 கலோரி. யான் பூசியது இரண்டு அவுன்சு, ஆகவே 200. பாலும் சீனியும் சேர்ந்த தேநீர் சுமார் 70. மொத்தம் 620. வட அமெரிக்க உணவுப் பெட்டிகள் பொதுக் கணக்காகக் கொள்ளும் நாளொன்றுக்கு 2000 கலோரியில் இது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. உணவே அன்று என யான் எண்ணியிருந்த உணவு இது!

உடற் கொழுப்பு ஒரு கிலோகிராமில் சுமார் 7700 கலோரி அடங்கும் என்பர். நாளொன்றுக்கு 210 கலோரி மிகினும் ஓராண்டில் 76,650 ஆகும். வகுத்துப் பார்ப்பின் சுமார் 10 கிலோகிராம். எனினும் உடல் வெறும் பெட்டகம் அன்று. எடை ஏற ஏற அதன் செலவும் ஏறுமாதலின் உண்மையில் அவ்வளவு ஏறாது. கணக்கு அச்சுறுத்துதற்கன்று, திசை காட்டுதற்கு.

நம்மவர் சிறப்பாகக் கருதவேண்டியது மற்றொன்றுமுண்டு. தென்னாசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றும் இயல்பு உண்டு. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்தல் அதற்கு ஒரு காரணம். ஆதலின் உலக நீரிழிவுச் சம்மேளனம் தென்னாசிய ஆடவர்க்கு இடைச் சுற்றளவு 90 சதமமீற்றரும் பெண்டிர்க்கு 80 சதமமீற்றரும் எச்சரிக்கை எல்லை என வகுத்துள்ளது. "யான் பருத்தவனல்லேன்" என்பது நமக்குப் போதிய விடையன்று. தையற்காரரின் அளவுநாடாவும் ஒரு மருத்துவக் கருவியே.

இன்பமும் அளவும்

அங்ஙனமாயின் பேகலைத் துறந்துவிட வேண்டுமோ எனின், வேண்டா என்பதே என் விடை. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், அதிற் பெரும் பகுதியை உண்ணும் அளவைக் கூறுதற்கே செலவிட்டார். உணவை வெறுக்கச் சொல்லவில்லை. அளவை அறியச் சொன்னார். அவ்வழி நின்று யான் கைக்கொண்ட முறைகளை இனிக் கூறுவேன்.

முதலாவது, ஒரு முறையேனும் நிறுத்துப் பார்த்தல். கிராம் எண்ணை ஏறத்தாழ 2.7ஆற் பெருக்கினால் பேகலின் கலோரி கிடைக்கும். ஒரு முறை நிறுத்த கை, பின்னர்த் தானே அறியும்.

இரண்டாவது, பாதி உண்ணுதல். வாங்கிய அன்றே பிளந்து உறைபெட்டியில் வைத்துவிட்டால், பாதியை எடுத்து வாட்டி உண்ணலாம். சிலர் முழுப் பேகலையும் எடுத்து, உள்ளிருக்கும் மென்பகுதியைத் தோண்டி எறிந்து, ஓட்டை மட்டும் உண்பர். உணவை எறிந்து மெலிவதினும் உணவைப் பகிர்ந்து மெலிதல் நன்று. வாட்டினாற் கலோரி குறையும் என்பாரும் உளர். வாட்டும்போது போவது நீர் மட்டுமே என்க.

மூன்றாவது, பூச்சை அளந்து பூசுதல். கிறீம் சீஸ் ஒரு மேசைக்கரண்டி போதும். அதன்மேல் தக்காளி, வெள்ளரி, வெங்காயம் அடுக்கினால் வாய்க்கும் நிறைவு, வயிற்றுக்கும் நிறைவு. முட்டை உண்பார் அவித்த முட்டை ஒன்றைச் சேர்க்கலாம். அது சுமார் 75 கலோரி. மரக்கறி உண்பார்க்கு அவித்த கடலையை மசித்து எலுமிச்சம்புளி விட்டுப் பூசுதல் நன்று. புரதம் சேரின் பசி விரைந்து மீளாது.

நான்காவது, பேகலை உணவாக மதித்தல். இதுவே எல்லாவற்றுள்ளும் தலையாயது. பேகல் உண்ட காலையில் இடியப்பம் வேண்டா. இடியப்பம் உண்ணும் காலையிற் பேகல் வேண்டா. இரண்டுக்கும் இடங்கொடுத்ததே யான் செய்த பிழை.

ஐந்தாவது, வகை தெரிதல். தவிடு நீக்காத மாவினால் ஆகிய பேகலில் நார்ப்பொருள் மிகுதி. தட்டையாக ஆக்கிய மெல்லிய பேகல் சுமார் 110 கலோரியோடு அமைவதும் கடைகளில் உண்டு. எள்ளுத் தூவியது மணமுடையது. எள்ளினால் ஏறும் கலோரி சிறிதே.

கலோரி ஒன்றே கணக்கன்று என்பதனையும் மறவற்க. வெள்ளை மாவின் பேகல் குருதியில் சீனியை விரைந்து ஏற்றும் உணவுகளுள் ஒன்று. உணவுகளை இவ்வாறு தரம் பிரிக்கும் கிளைசீமியச் சுட்டெண் முறையை 1981இல் வெளியிட்டவர்கள், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் ஜெங்கின்சும் அவர்தம் குழுவினருமாவர். மேலும் ஒரு பேகலில் சோடியம் 400 முதல் 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் கூறும் நாளெல்லை 2000 மில்லிகிராமுக்கு உட்பட்டது. நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் உணவை மாற்றுமுன் தத்தம் மருத்துவரை வினவுதல் கடன்.

முடிவுரை

இம்முறைகளுடன், உண்டபின் அரை மணி நேரம் நடத்தலையும் மேற்கொண்டேன். எட்டுத் திங்களின் பின் எடுத்த சோதனையில் என் எண் 5.8 எனக் கண்டது. மருத்துவர் மகிழ்ந்தார்; என் மனைவியார் அதனினும் மகிழ்ந்தார். வெற்றி முற்றியது எனக் கூறேன். இது நாள்தோறும் தீர்க்கவேண்டிய கணக்கு.

இன்றும் மொன்றியலுக்குச் செல்லும்போது, விறகுப் போறணையிலிருந்து அப்பொழுதே இறக்கிய எள்ளுப் பேகல் ஒன்றை என் மகனுடன் பாதி பாதியாகப் பகிர்ந்து உண்பேன். 2008ஆம் ஆண்டில் கிரெகரி சமிற்றொவ் என்னும் விண்வெளி வீரர் மொன்றியலின் எள்ளுப் பேகல் பதினெட்டை விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுசென்றார். "எடையே இல்லாத பேகலை உண்டவர் அவர் ஒருவர்தாம், நமக்கு எடை உண்டு, அப்பா" என்று மகன் நகைப்பான். முழுப் பேகலைப் பாராமுகமாக விழுங்கிய நாள்களில் அறியாத சுவையை, மெல்ல மென்று உண்ணும் இப்பாதியில் அறிகின்றேன்.

இளைய மாணவர்களே! உங்கள் மேசையிற் பேகல் இல்லாதிருக்கலாம். பாண் உண்டு, றோல்ஸ் உண்டு, வடை உண்டு, இனிப்பு நீர்ப் போத்தல் உண்டு. எதனை உண்ணினும் "ஒன்று" என எண்ணாது "எவ்வளவு" என வினவுங்கள். ஆய்வுகூடத்தில் கலோரிமானியை நோக்கும்போது, அது சோதனைத் தாளுக்கு மட்டும் உரியதென எண்ணாதீர்கள். என் தந்தையார்க்கு இக்கணக்கை எவரும் கற்பித்திலர். எனக்குக் கற்பித்தது இக்கல்லூரி. காலம் தாழ்த்தியேனும் அப்பாடத்தை நினைவுகூர்ந்தமையால், இன்று யான் இரு காலாலும் நடக்கின்றேன். அந்நன்றியையே இவ்விழா நாளில் அன்னையின் திருவடியில் வைக்கின்றேன்.